மீயொலி மட்டும் போதுமா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கரும்பு வெட்டித் தோள் நொந்த எம்மவர், “கரண்ட் வைத்தால் சரியாகும்” என நம்பி, கூலியை இழந்து பஸ் ஏறுகின்றனர். மீயொலிச் சிகிச்சையில் உடலுள் பாய்வது மின்சாரமன்று. நொடிக்கு 10 இலட்சம் அல்லது 30 இலட்சம் முறை அதிரும் ஒலியே! முன்னது ஆழ்ந்த தசைக்கு, பின்னது மேற்புறத்திற்கு. இடையே காற்றிருந்தால் அலை திரும்பிவிடும். ஆகவே ஜெல் தடவுகிறார்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் சுடும். ஆகவே கருவியை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.

இத்தனையும் முறையாகச் செய்தாலும், போலிச் சிகிச்சையைவிட இது மேம்பட்டது என்பதற்குச் சான்று குறைவே என 2001-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டிற்று. எனவே, கருவி துணை; பயிற்சியே மருந்து என்பேன்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொணர்ந்தது. கற்றுத்தந்த பயிற்சியைப் பெற்றோர் நாள்தோறும் செய்யத் துணைநிற்பது, குடும்பத்தின் முதற் பட்டதாரிகளாகப்போகும் நம் கடமையன்றோ!