டிஸ்டில்டு வாட்டரில் ஜெயிச்சது போதும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கும்போது கெமிக்கல், பயோடெக் பக்கம் எட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு டீமாவது யூவி விளக்குக்குக் கீழே நீலமா ஒளிரும் குட்டி பாட்டிலைக் காட்டும். கார்பன் டாட். எலுமிச்சைச் சாறிலிருந்து செய்தோம், கறிவேப்பிலையிலிருந்து செய்தோம் என்பார்கள். தேடும் மூலக்கூறு சேர்ந்தால் ஒளிர்வு குறையும். குறைந்த அளவை வைத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கடைசி ஸ்லைடில் எல்ஓடி, அதாவது அந்த முறையால் கண்டுபிடிக்க முடிகிற மிகக் குறைந்த அளவு, இத்தனை நானோமோலார் என்று வந்ததும் கைதட்டல்.

எனக்கு அந்தக் கைதட்டலில்தான் பிரச்னை. அளந்ததெல்லாம் டிஸ்டில்டு வாட்டரில். அதில் யாரும் காபி போடுவதில்லை.

ஒரு நிஜமான கேஸ் எடுத்துக்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விட்டுப்போன நஞ்சுதான் காரணம். அதுதான் அஃப்ளாடாக்சின். யூவியில் நீலமா ஒளிர்ந்ததுக்கு பி, பச்சையா ஒளிர்ந்ததுக்கு ஜி என்று பேர் வைத்தார்கள். பேரிலேயே ஃப்ளூரசன்ஸ் இருக்கிற நஞ்சு! கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். மாடு பி1 உள்ள தீவனத்தைத் தின்றால் அதில் சில சதவீதம் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-ல் எம்1 வரம்புக்கு மேல். எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாடு: 551-ல் 88.

வரம்பு என்ன தெரியுமா? கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். எம்1-இன் மூலக்கூறு எடை 328. கால்குலேட்டரைத் தட்டுங்க, சுமார் 1.5 நானோமோலார் வரும். ஐரோப்பாவில் வரம்பு இதில் பத்தில் ஒரு பங்கு. ஆக 50 நானோமோலார் எல்ஓடி என்று பெருமையா ஸ்லைடு போட்டால், கெட்ட பாலும் அங்கே பாஸ்தான்.

சரி, 1 நானோமோலார் வரைக்கும் இறங்கிட்டீங்க. இப்போ பாலை ஊற்றுங்க. கொழுப்பும் கேசினும் ஒளியைச் சிதறடிக்கும். பாலில் இயற்கையாவே இருக்கிற ரைபோஃப்ளேவின் பச்சையா ஒளிரும். ஒளிர்வு குறைந்தால் நஞ்சு என்று சொல்லும் முறை இங்கேதான் மாட்டிக்கும். குறைந்ததுக்கு நஞ்சுதான் காரணமா, இல்லை பாலே நாம அனுப்பின ஒளியை விழுங்கிடுச்சா? இன்னர் ஃபில்டர் எஃபெக்ட் என்று புத்தகத்தில் இருக்கு. ரிவ்யூவில் அதை யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

அஃப்ளாடாக்சின் மாதிரி சின்ன மூலக்கூறில் இன்னொரு சிக்கல். புரோட்டீன் பெருசு; இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டிபாடி பிடிச்சுக்கலாம். சின்ன மூலக்கூறில் ஒண்ணு பிடிச்சாலே இடம் முடிஞ்சுது. அதனால் போட்டி வைக்கணும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ஒளிரும் லேபிள் ஒட்டின நஞ்சை நாமே கொஞ்சம் ஏற்றிவிடறோம். பாலில் இருக்கிற நஞ்சு முந்திக்கொண்டு ஆன்டிபாடி சீட்டைப் பிடிச்சா, லேபிள்காரங்க நின்னுக்கிட்டே வரணும். நிக்கிறவங்க வேகமா சுழலுவாங்க, உட்கார்ந்தவங்க மெதுவா. போலரைஸ்டு ஒளியில் இந்த வித்தியாசம் தெரிஞ்சுடும். கழுவுற வேலையே இல்லை; நிமிஷக்கணக்கில் முடியும்.

பாலின் சொந்த ஒளிர்வை என்ன பண்றது? எனக்கு ரொம்பப் பிடிச்ச பதில்: காத்திருக்கிறது. ரைபோஃப்ளேவின் ஒளி சில நானோ செகண்டில் அணைஞ்சுடும். யூரோப்பியம் லேபிள் நூற்றுக்கணக்கான மைக்ரோ செகண்ட் ஒளிரும். பளிச்சுன்னு ஒரு ஃப்ளாஷ், 100 மைக்ரோ செகண்ட் சும்மா இரு, அப்புறம் படி. இது கெமிஸ்ட்ரி லேப் வேலை இல்லை, இசிஇ வேலை. எல்இடி, ஃபோட்டோடையோடு, ஒரு டைமர். ஆனால் அந்த டிபார்ட்மென்டும் பயோடெக்கும் ஒரே கேன்டீனில் டீ குடிப்பதோடு சரி.

ஸ்ட்ரிப் டெஸ்ட் ஏற்கெனவே மார்க்கெட்டில் இருக்கே என்பீங்க. இருக்கு. ஒவ்வொரு கிராமத்து பால் சொசைட்டியிலும், லாக்டோமீட்டர் போடுகிற மாதிரி தினமும் போடும் விலைக்கு வரணும். அந்த இடம்தான் இன்னும் காலி.

என்னைக் கேட்டால் பாலுக்கும் முன்னாடி புண்ணாக்கு மூட்டைக்குப் போகணும். தின்ற பி1-ல் சில சதவீதம்தான் பாலுக்கு வருது. அப்போ தீவனத்தில் அளவு பல மடங்கு அதிகம், கண்டுபிடிப்பதும் அந்த அளவுக்கு லேசு. கெட்ட மூட்டையை மாடு தின்னும் முன்னே ஒதுக்கிடலாம். சும்மா யூவி டார்ச் அடிச்சாப் போதாது: மக்காச்சோளத்தில் தெரியுற பச்சை மஞ்சள் ஒளி அஃப்ளாடாக்சினே இல்லை, அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் ஆசிடால் வருவது. தவிர, பாலில் நஞ்சு சீராக் கலந்திருக்கும். மூட்டையில் ஒரு மூலையில் பூஞ்சை பிடிச்சிருக்கும், மறு மூலை சுத்தமா இருக்கும். ஒரு பிடி அள்ளி அளந்தால், எத்தனை நானோமோலார் சென்சார் வச்சும் பிரயோஜனம் இல்லை. பல இடத்தில் குத்தி எடுத்து, அரைச்சு, கலந்து, அதிலிருந்து அஞ்சு கிராம் தரும் ஒரு கைமெஷின் வேணும். மெக்கானிக்கல் பசங்க யாராவது இருக்கீங்களா?