போலீசாரைப் பற்றிப் போலீசாரே விசாரித்தால்?



"ஒரு பாதிரியார் காணாமல் போனால் நமக்கென்ன? அவர் சீனர், கிறிஸ்துவர். நம் பிரச்சினையே தலைக்கு மேல் கிடக்கிறது" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. இதைப் படித்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

2017 பிப்ரவரி 13. பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் பாதிரியார் ரேமண்ட் கோவின் காரைக் கறுப்பு வாகனங்கள் மறித்தன. கண் மூடித் திறப்பதற்குள் ஆளையும் காரையும் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. புகார் கொடுக்கப் போன மனைவியிடம் போலீஸ் என்ன கேட்டது தெரியுமா? உன் கணவர் முஸ்லிம்களை மதம் மாற்றினாரா என்று! அதுவும் மணிக்கணக்கில்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2016 நவம்பர் 24-இல், பெர்லிசில் அம்ரி சே மாட் இதே பாணியில் தூக்கப்பட்டார். அவர் மலாய்க்காரர், முஸ்லிம். ஆகவே இன்னாருக்குத்தான் இது நடக்கும் என்ற கணக்கு வேண்டாம்.

2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பகிரங்கமாகச் சொன்னது: இருவரையும் கொண்டுபோனது புக்கிட் அமான் சிறப்புப் பிரிவு. அரசாங்கம் என்ன செய்தது? ஒரு சிறப்புக் குழு அமைத்தது. அதில் போலீஸ் தரப்பினரையும் உட்கார வைத்தது. குழுவின் அறிக்கையை இரகசியம் என்று பூட்டி வைத்தது.

2025 நவம்பர் 5-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பூட்டை உடைத்தது. அரசாங்கமும் போலீசும் பொறுப்பு என்றது. கோ இருக்கும் இடம் தெரியும்வரை நாள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி. அன்றைய கணக்கில் மூன்று கோடி வெள்ளிக்கு மேல். விசாரணையை மீண்டும் நடத்தவும் உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் மீண்டும் விசாரிக்கப்போவது யார்? அதே போலீஸ்! கட்டப்போகும் பணம் யாருடையது? உங்களுடையது, என்னுடையது. தூக்கியவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காசு போகாது.

நீதிமன்ற உத்தரவை நம் போலீஸ் எப்படி மதிக்கும் என்பதை ஈப்போ இந்திரா காந்தியைக் கேளுங்கள். பாலர் பள்ளி ஆசிரியை. 2009-இல் அவருடைய 11 மாதக் கைக்குழந்தையை, மதம் மாறிய கணவர் தூக்கிச் சென்றார். அந்த ஆளைக் கைது செய் என்று ஐ.ஜி.பி.க்குக் கூட்டரசு நீதிமன்றமே 2016 ஏப்ரல் 29-இல் உத்தரவிட்டது. 2020-இல் அப்போதைய ஐ.ஜி.பி., அவர் இருக்கும் இடம் தெரியும் என்று சொன்னார். தெரிந்தும் பிடிக்கவில்லை! ஐ.ஜி.பி.கள் வந்தார்கள், போனார்கள். தாய் மட்டும் நீதிமன்றப் படிக்கட்டில்.

போலீசை விசாரிக்க வெளியிலிருந்து ஓர் ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையமே 2005-இல் பரிந்துரைத்தது. 18 ஆண்டுகள் இழுத்தடித்து, 2023 ஜூலையில் கொண்டுவந்தது என்ன? தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஓர் ஆணையம். பல்லைப் பிடுங்கிவிட்டுக் காவலுக்கு நிறுத்திய நாய்! உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

அதுவரை கையில் இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். வீட்டில் யாராவது காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே ரிப்போர்ட் செய்து நகல் வாங்குங்கள். விசாரணை அதிகாரியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கடத்தல் போன்ற குற்றமாக இருந்து, நான்கு வாரமாகியும் பதில் இல்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரத்திற்குள் அவர்கள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்குப் புகார் எழுதலாம். வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கக் கடிதம் போதும். நகலில் பாலாய் முத்திரை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.