க்ளோஸ், க்ளோஸ்ட், க்ளோஸஸ்ட்

ஒரு வாசகியின் மின்னஞ்சல் மனதை என்னவோ செய்தது. அவருடைய நெடுநாள் தோழி காலமாகிவிட்டார். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'ஷி வாஸ் மை க்ளோஸ்ட் ஃப்ரெண்ட்' என்று எழுதியிருக்கிறார். 'க்ளோஸ்ட் என்றால் மூடப்பட்டது' என்று ஒருவர் அங்கேயே திருத்த, இன்னொருவர் சிரிக்கும் பொம்மையைப் போட்டாராம். 'அழுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. நான் எப்படி எழுதியிருக்க வேண்டும்?' என்று கேட்கிறார்.

சகோதரி, இது பலரும் செய்கிற தவறுதான். ஒரே எழுத்துகளுக்குள் இரண்டு சொற்கள் ஒளிந்திருப்பதால் வரும் குழப்பம்.

க்ளோஸ் என்பது வினைச்சொல்லாக வந்தால் 'மூடு'. பெயரடையாக வந்தால் 'நெருங்கிய'. ஸ்பெல்லிங் ஒன்றுதான், ஆனால் உச்சரிப்பு வேறு. 'நெருங்கிய' எனும்போது, 'பஸ்' என்ற சொல்லின் கடைசியில் வரும் ஒலி. 'மூடு' எனும்போது தேனீயின் ரீங்காரம்போலத் தொண்டை அதிர வேண்டும். தமிழில் இரண்டையும் 'ஸ்' என்றே எழுதுகிறோம். அதனால் வித்தியாசம் நம் காதில் விழுவதில்லை.

'மூடு' என்பதிலிருந்து வருவது க்ளோஸ்ட், அதாவது மூடப்பட்ட. 'நெருங்கிய' என்பதிலிருந்து வருபவை க்ளோஸர், க்ளோஸஸ்ட். நெருங்கிய தோழி க்ளோஸ் ஃப்ரெண்ட். எல்லோரையும்விட நெருங்கியவர் க்ளோஸஸ்ட் ஃப்ரெண்ட். நீங்கள் எழுத நினைத்தது இதைத்தான்.

இதற்கு நேர்மாறான தவறைக் கடை வாசல்களில் பார்க்கலாம். பலகையின் ஒரு பக்கம் 'ஓப்பன்', மறுபக்கம் 'க்ளோஸ்'. 'வீ ஆர் ஓப்பன்' சரி. ஏனென்றால் 'திறந்திருக்கிற' என்பதற்கும் ஓப்பன்தான். ஆனால் 'வீ ஆர் க்ளோஸ்' என்றால் 'நாங்கள் நெருக்கமானவர்கள்' என்று பொருளாகிவிடும்! அங்கேதான் 'க்ளோஸ்ட்' வேண்டும்.

அப்படியானால் க்ளோஸும் நியரும் ஒன்றா? இடத்தைச் சொல்லும்போது ஏறக்குறைய ஒன்று. 'க்ளோஸ் டு த டெம்பிள்', 'நியர் த டெம்பிள்' இரண்டும் கோயிலுக்குப் பக்கத்தில்தான். க்ளோஸுக்குப் பின்னால் 'டு' வருவதைக் கவனியுங்கள். நியருக்குப் பொதுவாக அது தேவையில்லை. மற்ற இடங்களில் இரண்டையும் மாற்றிப் போட முடியாது. வருங்காலம் என்றால் 'நியர் ஃப்யூச்சர்'. நட்பு என்றால் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்'. மயிரிழையில் தப்பினால் 'க்ளோஸ் ஷேவ்'.

பக்கத்தில் நில் என்பதற்கு 'ஸ்டேண்ட் க்ளோஸ்'. உன்னிப்பாகக் கவனி என்பதற்கு 'வாட்ச் க்ளோஸ்லி'.

மூடுவதற்கும் நெருக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு சொற்களுக்குமே மூலம், 'மூடு' என்று பொருள்படும் ஒரே லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூடுவது என்றால் இடைவெளி இல்லாமல் செய்வது. இடைவெளி இல்லையென்றால் அது நெருக்கம்தானே? தமிழிலும் கதவை அடைக்கிறோம், ஊரை அடைகிறோம்!

ஆகவே, சகோதரி, 'ஷி வாஸ் மை க்ளோஸஸ்ட் ஃப்ரெண்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். திருத்தியவர் சொன்ன இலக்கணம் சரி, சொன்ன இடம்தான் சரியில்லை. உங்களைத் தனியாக அழைத்து, முதலில் ஆறுதல் சொல்லிவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.