புண் மூடும்வரை சிகிச்சை முடியவில்லை

சர்க்கரை நோயில் அழுகிப்போன கால்விரலை எடுக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் ஒரு மணி நேரத்துக்கு அரசு மருத்துவமனை உண்டு, மயக்க மருந்து நிபுணர் உண்டு, காப்பீட்டு அட்டை உண்டு. பின்னால் வரும் வாரங்களுக்கு நோயாளியின் வீடு மட்டுமே உண்டு. காலை ஊன்றக் கூடாது, கட்டு நனையக் கூடாது, சர்க்கரை ஏறக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுகிறோம். அந்த அறிவுரையில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதைக் கடைப்பிடிக்கத் தேவையான எதையும் அவர் கையில் கொடுப்பதில்லை என்பதுதான் பிழை. விரல் போன பிறகு கால் தப்புமா என்பது வீட்டில் கழியும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது. ஆகவே, புண் மூடும்வரை சிகிச்சை நடந்துகொண்டிருப்பதாகவே அரசு கருத வேண்டும். அதற்குரிய பணத்தையும் ஆட்களையும் ஒதுக்க வேண்டும்.

இது சிலருடைய பிரச்சினை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது. விரலை எடுத்த பிறகு ஆபத்து குறைவதில்லை, இடம் மாறுகிறது. நடக்கும்போது உடலை முன்னே தள்ளுவது பெருவிரல். அது போனால் அந்தப் பாரம் பக்கத்து விரல்கள் மேலும் முன்பாதத்தின் எலும்பு முனைகள் மேலும் விழுகிறது. அங்கே புதுப் புண் கிளம்புகிறது. பெருவிரல் எடுக்கப்பட்ட 90 சர்க்கரை நோயாளிகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஆறு பேருக்கு மறுபடியும் ஓர் உறுப்பு நீக்கம் தேவைப்பட்டது. ஆறிய பாதப்புண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓராண்டுக்குள் மீண்டும் வருவதாக 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட கட்டுரை தொகுத்துச் சொன்னது. ஒரு விரலோடு கதை முடிந்தது என்று யாரும் நிம்மதி அடைய முடியாது.

இந்தக் குறை எங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டால் பாலாற்றைக் காட்டலாம். வேலூர் வழியாக ஓடும் பாலாறு அல்ல இது. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மேலே, கொளத்தூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், காவிரியோடு ஒரு சிற்றாறு கலக்கும் இடத்தில் இருக்கும் எல்லைச் சோதனைச்சாவடியும் அதைச் சுற்றிய குடியிருப்பும். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 1997 முதல் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோபிநத்தம் போன்ற சுற்றுப்புற ஊர்களில் தமிழ் பேசுவோர் நிறைய. பெரிய அறுவை சிகிச்சைக்கு மைசூரு கே.ஆர். மருத்துவமனை என்றால் காட்டுச்சாலை உட்பட நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். மேட்டூர் அரசு மருத்துவமனை அதைவிட மிக அருகில் இருக்கிறது. அங்கே முடியாததற்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆக, கர்நாடகக் குடும்ப அட்டை வைத்திருப்பவர் தமிழ்நாட்டுக்கு வந்து சிகிச்சை பெற்று ஊர் திரும்புவது இயல்பு. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் பயன் மாநில எல்லையைக் கடந்தும் செல்லுபடியாகும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அட்டை எல்லையைக் கடக்கிறது. கட்டு மாற்றும் செவிலியர் கடப்பதில்லை. எந்த மருத்துவமனை விரலை எடுத்தது என்ற தகவல்கூட நோயாளியின் ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

காலை ஊன்றாதே என்ற கட்டளை ஓர் ஏழை வீட்டில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர் எழுந்திருக்க வேண்டுமானால் முன்பாதத்தை அழுத்தித்தான் எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறையில் உடம்பின் பாரமெல்லாம் பாதத்தில்தான் இறங்குகிறது. கழிப்பறையே வீட்டுக்கு வெளியே இருந்தால், மழை நாளில் கட்டு நனையாமல் போய் வர முடியாது. கட்டு மாற்ற ஒவ்வொரு தடவையும் பேருந்தேறி ஊருக்குப் போனால், ஆற வேண்டிய கால் அந்தப் பயணத்திலேயே நசுங்குகிறது. துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. இதற்கு மேல் பத்தியம். புண் இருக்கும்போது முட்டை, மீன், பருப்பு ஆகாது, சீழ் வைக்கும் என்று நம்புகிற குடும்பங்கள் ஏராளம். சதை வளரப் புரதம் தேவைப்படும் நாட்களில் தட்டில் கஞ்சியும் ரசச்சோறுமே விழுகின்றன. மாவுச்சத்து சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறிய சர்க்கரை புண்ணை ஆறவிடாமல் வைக்கிறது. அக்கறையோடு செய்யப்படும் காரியமே கேடாக முடிகிறது. வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து இதை எடுத்துச்சொல்ல ஒருவர் இருந்தால் பெரும்பாலான குடும்பங்கள் கேட்டுக்கொள்ளும்.

வீட்டில்தான் அறுவை சிகிச்சை வெல்கிறது அல்லது தோற்கிறது என்ற பாடம் தமிழ்நாட்டிலேயே கற்கப்பட்டது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை, கால்களைச் சீரமைத்தார். அந்த நோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது, அது ஆறாது என்பதே அப்போதைய நம்பிக்கை. உணர்ச்சியற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம், மாவுக்கட்டு போட்டு அந்த அழுத்தத்தை விலக்கினால் புண் ஆறுகிறது என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். மாவுக்கட்டு முறையை அதற்கு முன்பே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் கையாண்டிருந்தார். பிராண்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இன்று உலகெங்கும் சர்க்கரைப் புண்ணுக்கு அது முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று. உணர்ச்சியற்ற பாதங்களுக்கான மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் வேலூர், கரிகிரி வட்டாரத்தில் உருப்பெற்றதுதான். இவற்றைவிட முக்கியமான ஒன்றையும் பிராண்ட் குழு கண்டறிந்தது. மருத்துவமனையில் நன்றாக இருந்த சிலர் வீடு திரும்பியதும் விரல்களை இழந்தார்கள். இரவில் எலி கடித்ததை அவர்கள் உணரவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளியுடன் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். நோயாளி எங்கே படுப்பார், அங்கே என்ன ஆபத்து என்று யோசிப்பதையும் சிகிச்சையின் பகுதியாக அந்த மருத்துவர்கள் கருதினார்கள். சர்க்கரை நோயில் நரம்போடு ரத்தக்குழாயும் கெடுவதால் அது இன்னும் சிக்கலானது. ஆனாலும் அழுத்தத்தை விலக்கு, வீட்டைக் கவனி என்ற இரண்டும் இங்கேயும் பொருந்தும்.

நோயாளிகள் சொன்னபடி கேட்பதில்லை, அரசு என்ன செய்யும் என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. கேட்காதவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் இது நம் கிராமத்து ஆளின் குணக்கேடு அல்ல. அமெரிக்காவில் பாதப்புண் உள்ள 20 பேரின் ஒவ்வோர் அடியையும் கருவி வைத்து எண்ணிய ஆய்வு 2003இல் வெளியானது. தங்களுக்குக் கொடுத்த, கழற்றி மாட்டக்கூடிய பாதுகாப்புக் காலணியை அவர்கள் அணிந்தபடி நடந்தது மொத்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே. வலி தெரியாத காலை நினைவில் வைத்துக்கொண்டே நடப்பது எந்த மனிதருக்கும் கடினம். எனவேதான் பாதத்தின் அடிப்புண்ணுக்கு நோயாளியே கழற்ற முடியாத கட்டு அல்லது காலணியைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைக்கின்றன. சென்னை ராயபுரம் எம்.வி. மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதனும் சக மருத்துவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதப் பராமரிப்பு அறிவுரையை உறுதியாகப் பின்பற்றியவர்களில் 82 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. பின்பற்றாதவர்களில் 50 சதவீதத்தினருக்கே ஆறியது. பின்பற்றியவர்கள் வசதியானவர்களாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அப்படியே இருந்தாலும், வசதி உள்ளவரால்தான் அறிவுரையைப் பின்பற்ற முடிகிறது என்றாகும். அப்போது வசதியைக் கொடுப்பதும் மருத்துவமே.

இந்த வசதிகளில் முதலாவது ஓய்வு. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கிறது. செங்கல் சுமப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் அணையில் மீன் பிடிப்பவருக்கும் அப்படி எதுவும் இல்லை. அவர் பத்தாம் நாள் வேலைக்குப் போவது அறியாமையால் அல்ல, அரிசி வாங்க வேண்டியிருப்பதால். ஏழைக்கு ஓய்வு தேவை என்று அரசு ஒப்புக்கொண்ட முன்மாதிரிகள் இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழ்நாடு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. காசநோயாளிக்கு ஒன்றிய அரசு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது. விரல் எடுத்தவருக்கு ஆறு வாரக் கூலியில் ஒரு பகுதியைத் தருவது இவற்றின் தொடர்ச்சிதான். அடுத்தது காப்பீட்டின் கால வரம்பு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையைவிட்டு வந்த பிறகு 15 நாட்களுக்கான மருந்து, பரிசோதனைச் செலவை ஏற்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு அது போதலாம். சர்க்கரைக் காலில் தையல் பிரிக்கவே பலருக்கு அந்த நாட்கள் போதாது. தைக்காமல் திறந்துவிட்ட புண்ணாக இருந்தால் 15ஆம் நாள் என்பது ஆரம்பக் கட்டம். நாட்காட்டியைப் பார்த்துச் செலவை நிறுத்துவதற்குப் பதிலாகப் புண்ணைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கட்டுத்துணி, சலைன், வாரம் சில முறை ஒரு செவிலியரின் வருகை, ஒரு ஜோடி சிறப்புக் காலணி: செலவு இவ்வளவுதான். இவை இல்லாமல் புண் கெட்டால் மறுபடி சேர்க்கை, மறுபடி அறுவை, முழங்காலுக்குக் கீழே கால் நீக்கம், செயற்கைக் கால், உழைப்பை இழந்த ஒரு குடும்பம். அந்தச் செலவையும் அரசே ஏற்கிறது, பல மடங்காக. புண் ஆறும்வரை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு யோசனை. ஒரு விரல் காயத்துக்கு வாரக்கணக்கில் ஒரு படுக்கையை ஒதுக்க எந்த அரசு மருத்துவமனையாலும் இயலாது. நீண்ட நாள் தங்கினால் மருத்துவமனைக் கிருமிகளின் தொற்றும் சேரும். குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. குடும்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு பெண்ணை, அதாவது மனைவியை அல்லது மருமகளை அல்லது பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் மகளை. புண்ணின் நிறம் மாறினால் என்ன பொருள், எப்போது உடனே ஓட வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பொறுப்பை மட்டும் அவர் தலையில் ஏற்றுவது அநீதி.

புதிதாக ஒரு துறையைக் கட்ட வேண்டிய தேவையும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இயன்முறை சிகிச்சையையும் வலி நிவாரணப் பராமரிப்பையும் வீட்டிலேயே தருகிறது. ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைச் சோதிக்கிறது. கர்நாடகத்திலும் 2024இல் கோலாரில் ‘கிருஹ ஆரோக்கிய’ திட்டம் தொடங்கப்பட்டு, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதிக்கிறார்கள். வீடுவரை போகும் கால்கள் இருக்கின்றன. அவர்களின் பைக்குள் கட்டு மாற்றும் பொருட்களும், அவர்கள் கையில் புண்ணை மதிப்பிடும் பயிற்சியும்தான் சேர வேண்டும். நாகபுரி மருத்துவர் சரத் பெண்ட்சே முன்னின்று நடத்திய ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ திட்டம், சிறு ஊர்களின் மருத்துவரையும் செவிலியரையும் ஜோடியாகப் பயிற்றுவித்துப் பாதப் பராமரிப்பைப் பெருநகரத்துக்கு வெளியே கொண்டுசெல்லலாம் என்று காட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் பகுதியில் பாதத்துக்கென ஒருங்கிணைந்த மருத்துவக் குழுவை அமைத்த பிறகு, 11 ஆண்டுகளில் பெரிய கால் நீக்கங்கள் மக்கள்தொகை விகிதத்தில் 62 சதவீதம் குறைந்தன. அங்கே வேறு வளம், வேறு அமைப்பு என்பது உண்மை. ஆனால் தொடர் கவனிப்பு காலைக் காக்கிறது என்பதற்கு நாட்டு எல்லை கிடையாது.

எல்லையில் வாழ்பவர்களுக்கு மட்டும் இரண்டு மாநிலங்களும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். மேட்டூரிலோ சேலத்திலோ விரல் எடுத்தவர் பாலாற்றுக்கோ கோபிநத்தத்துக்கோ திரும்பினால், அவருடைய டிஸ்சார்ஜ் குறிப்பு அன்றே அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அவர் படிக்கும் மொழியிலும் ஒரு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். காவிரி நீரைப் பற்றி இரு மாநிலங்களும் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடட்டும். ஒரு கூலித் தொழிலாளியின் காலைப் பற்றி வாதாட எதுவும் இல்லை.

கடைசியாக, அரசு எதை எண்ணுகிறதோ அதையே கவனிக்கிறது. இன்று நாம் எண்ணுவது எத்தனை அறுவை சிகிச்சைகள், எத்தனை கோடி ரூபாய் காப்பீட்டுத் தொகை என்பதை. விரல் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் புண் முழுமையாக மூடியது, ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே காலில் நடக்கிறார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு கட்டாயமானால் செவிலியரின் வருகையும் காலணியும் கூலி உதவியும் தயவாக இல்லாமல் தேவையாக மாறும். அறுவை சிகிச்சையை இலவசமாக்கியது இந்த மண்ணின் பெருமைக்குரிய சாதனை. அதன் பலனை வீட்டுத் திண்ணையில் இழக்கவிடாமல் காப்பதும் அதே அரசின் கடமைதான்.