நிழல் சும்மா கிடக்கலாமா?

புரட்டாசி மாதம் நடந்த எங்கள் ஊர் உழவர் கூட்டத்துக்கு ஒரு தம்பி மூலிகைப் பூச்சிவிரட்டி பாட்டிலோடு வந்தார். லிட்டர் 350 ரூபாய் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை வாசித்தேன். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதோடை.

“இதுல எது தம்பி நம்ம ஊர்ல இல்ல?” என்று கேட்டேன்.

“எல்லாம் இருக்குங்க ஐயா. தேடிப் பறிச்சு இடிக்க யாருக்கு நேரம் இருக்கு?” என்றார்.

வங்கியில் பல வருஷம் பயிர்க்கடன் பார்த்தவன் நான். விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று ஏக்கர் கணக்கில் தொகை போடுவோம். மருந்துக்கான பணம் அப்படியே கடைக்குப் போய்விடும். கடன் மட்டும் உழவர் பேரில் நிற்கும். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். இப்போது ரசாயனத்தை விட்டுவிட்டோம் என்கிறோம். அதே பணத்தை ‘இயற்கை இடுபொருள்’ என்று அதே மாதிரி கடைக்குத்தான் கொடுக்கிறோம் என்றால், மண் பிழைக்கலாம். நம்ம கடன் கணக்கு மாறுமா?

மாற வேண்டுமானால் செடி நம்ம இடத்தில் இருக்கணும். இடம் எங்கே என்று கேட்பீர்கள். மாமரத்தடி, தென்னை வரிசைக்கு நடுவே, மோட்டார் கொட்டகைக்கு வடபுறம், வீட்டுக் கொல்லை. வெயில் சரியாக விழாததால் அங்கே காய்கறியும் வராது, உளுந்தும் வராது. குப்பை கொட்டுகிறோம், இல்லாட்டி சிமெண்டு போட்டுடறோம். அந்த இடத்தில் ஆடாதோடை வையுங்கள் என்பதே என் கருத்து.

ஆடு தொடாத இலை என்பதால் இந்தப் பேர் வந்தது என்பார்கள். அவ்வளவு கசப்பு. அதனால் காவல் வேண்டாம், அதுவே வேலியாகவும் நிற்கும். வருஷம் பூரா பச்சையாக இருக்கும். வேர் பிடித்துவிட்டால் கோடையிலும் அதிகம் தண்ணி கேட்காது. நிழலில் பூ குறையும், வாஸ்தவம்தான். நமக்கு வேண்டியது இலைதானே? தண்ணி தேங்குகிற இடம் மட்டும் ஆகாது.

நாற்றுக்கு அலைய வேண்டாம். பென்சில் பருமனில் முற்றிய குச்சியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஐப்பசி மழையில் ஊன்றினால் போதும். குச்சிக்குக் குச்சி இரண்டடி விடுங்கள். முதல் வருஷம் கை வைக்காதீங்க. அப்புறம் இடுப்பு உயரத்தில் கவாத்து செய்தால், வெட்ட வெட்டத் தழைக்கும்.

நான் செய்கிற முறை இது. அந்த நாலு இலையிலும் வகைக்கு ஒரு கிலோ இடித்து, 10 லிட்டர் மாட்டுச் சிறுநீரில் 10 நாள் ஊறவைத்து, தினம் கலக்கிவிடுவேன். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணிக்கு அரை லிட்டர் கலந்து சாயங்காலம் தெளிப்பேன். இது விரட்டிதான், கொல்லி இல்லை. புழு பெருகின பிறகு அடித்துவிட்டு ‘கேக்கலையே’ என்று சொல்லக் கூடாது. மிச்சத் தழை வயலுக்குத் தழையுரம்.

வீட்டுக்கும் இது மருந்துச் செடி. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையே உருவானது. ஆனால் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. மற்றவர்களும் வைத்தியரைக் கேட்டுச் சாப்பிடுவதே நல்லது.

நேரம் இல்லை என்று அந்தத் தம்பி சொன்னதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆள் கிடைக்காத காலம் இது. அதனால்தான் எங்கள் தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடிக்கிறோம். இரண்டு மணி நேர வேலை. டவுனுக்குப் போய் பாட்டில் வாங்கி வரவும் அவ்வளவு நேரம் ஆகும். தனியாக இருக்கும் வயசானவர்களுக்கும் இதிலேயே பங்கு கொடுக்கிறோம்.

மழை பிடித்ததும் வந்து குச்சி வெட்டிக்கொண்டு போகச் சொல்லி அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் யார் வீட்டுக் கொல்லையிலாவது ஆடாதோடை நிற்கும். கேட்டால் யாரும் காசு கேட்க மாட்டார்கள்.