அழித்தெழுதலும் அருகெழுதலும்

கொற்கை எம்மாவட்டத்தது? இவ்வெளிய வினாவுக்கு விடையெழுதப் புகுந்து யான் இழைத்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பொருநைக்கரைத் தொல்லூர்களையும், அவற்றைக் குறித்த நூல்களையும் ஆய்வுகளையும் யானும் தோழர் சிலரும் இணையத்திலே ஓர் அட்டவணையாகத் தொகுத்து வந்தோம். ஊர், மாவட்டம், நூல், ஆண்டு என அதற்கு நெடுவரிசைகள் பல. கொற்கைக்கு நேரே யாண்டும் திருநெல்வேலி என்றிருந்தது. 1986 அக்டோபர் 20 ஆம் நாள் தூத்துக்குடி தனி மாவட்டமாய்ப் பிரிந்தபின் அது பொருந்தாதன்றோ? கையால் ஒவ்வொன்றாய்த் திருத்தச் சோம்பி, பைத்தான் மொழியிலே பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, ஏபிஐ வழியே அனுப்பினேன். ஏபிஐ என்பது, திரையை மனிதர் தொடாமலே, ஒரு நிரல் மற்றொன்றினிடம் விண்ணப்பித்து வேலை கொள்ளும் வாயில். கொற்கையென்னும் பெயர் காணுமிடந்தோறும் மாவட்டத்தைத் தூத்துக்குடியென மாற்றுக என்பதே என் கட்டளை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 200 என்னும் வெற்றிக்குறி விடையாக வந்தது. யானும் நிம்மதியாய் உறங்கினேன்.

மறுநாட் காலையில் பார்க்குங்கால், கால்டுவெல் அத்தியட்சர் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலி ஜில்லா சரித்திரம் தூத்துக்குடி மாவட்டத்து நூலாய் நின்றது! அவர் கண்டிராத மாவட்டம் அது. மாநிலத் தொல்லியல் துறை 1968-69 இல் கொற்கையில் நிகழ்த்திய அகழாய்வுக்கும் அக்கதியே. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பதன்றி, எழுதியது மெய்யென்று 200 சொல்லவில்லை. யான்தான் அவ்வாறு கொண்டேன். பேட்ச் என்னும் வகையால் விடுத்தமையின் சொன்ன கட்டம் மட்டுமே மாறிற்று. வரிசை முழுவதையும் புதிதாய் வைக்கும் புட் என்பதால் விடுத்திருப்பேனாயின், யான் சொல்லாது விட்ட நூற்பெயரும் ஆண்டும் உடன்தொலைந்திருக்கும். பழைய மதிப்புகளை முன்னரே படியெடுத்து வைக்கவுமில்லை. அச்சிட்ட தாள் ஒன்று தோழரிடம் இருந்தது. அதைக் கொண்டு மூன்று மாலை கையாலே திருத்தினோம். சோம்பலுக்குத் தக்க கூலி!

தமிழ் பயில்வார்க்கு இவ்வேலை எதற்கென்று முகஞ்சுளிப்பாரும் உளர். யான் மாறாகக் கருதுகின்றேன். 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்த சாமிநாதையர், ஏடுகள் வேறுபட்டவிடத்து ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை எறிந்துவிடவில்லை. பிரதிபேதங்களையும் குறித்து வைத்தார். அப்பதிப்பைப் பாடமாய்க் கற்கும் யானே பழைய மதிப்பை அழித்தது நாணத்தக்கது. 2012 இல் தொடங்கிய விக்கித்தரவு இவ்வகையில் நமக்கு உறவு: ஒரு கூற்றுக்கு மதிப்புகள் பலவற்றை வைத்து, ஒவ்வொன்றும் எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லுமென்பதையும் அதன் ஆதாரத்தையும் அருகே எழுத அது இடந்தருகின்றது.

வினவுவோர் ஒரே விடையன்றோ வேண்டுவர், பழையன சுமையன்றோ எனத் தோழரொருவர் தடுத்தார். அவற்றுள் முதன்மையானது இதுவென்று குறியிட்டால் அவ்விடையே முன்வரும், பழையதும் அழியாது. இரண்டு நெடுவரிசை மிகுவதை யான் சுமையாக எண்ணேன். 2019 இல் தென்காசியும் தனி மாவட்டமாயிற்று. இனியும் எல்லைகள் மாறா என்று யார் சொல்வார்?

இப்பொழுது எம் அட்டவணையில் மாவட்டத்தின் பக்கத்தே 'முதல்', 'வரை' என்னும் நெடுவரிசைகள் உள. கொற்கைக்கு இரண்டு வரிசை. கால்டுவெல் நூலுக்கு நேரே திருநெல்வேலி, 1881. நிரலையும் திருத்தியுள்ளேன், முதலில் பழையதைப் படியெடுத்து, ஒரே வரிசையில் சோதித்து, யான் ஆமென்ற பின்னரே அது மேற்செல்லும்.