எடைக்குப் போடலாமா?

வீடு மாறியிருக்கிறீர்களா, பிள்ளைகளே? போதும் போதும் என்றாகிவிடும்! மணப்பாட்டு வீட்டைக் காலி செய்து, தூத்துக்குடியில் மகன் வீட்டுக்குக் குடிவந்தோம். 3 நாள் தூசி, தும்மல், சண்டை. உடைந்த மின்விசிறி, கால் போன நாற்காலி எல்லாம் காயலான் கடைக்குப் போயின. அதில் வருத்தமில்லை. ஆனால், ஓலைப்பெட்டி நிறைய இருந்த கடிதங்களும் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. 1940களில் தாத்தா கொழும்பிலிருந்து எழுதியவை. தூக்கிக் கொடுத்தது யார்? அவசரத்தில் நானேதான்!

கையெழுத்து உள்ள எதையும் படித்துப் பார்க்காமல் எடைக்குப் போடக் கூடாது என்பது என் கட்சி. பெரியவர்கள் அவசரப்படுவோம், நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

நம் முத்துக்குளித்துறை மக்களுக்காக ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம்தான். இந்திய எழுத்தில் அச்சாகி, இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய நூல் அது. அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் கரையில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பரணிலிருந்து எப்போது போயினவோ!

என் பேத்தி மட்டும், தபால்தலைக்காக ஓர் உறையை முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். உள்ளே கடிதமும் இருந்தது.